சின்னக் குழாயின் மூடி

பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று அம்சவேணி டீச்சர் சொல்லியிருக்கிறார், இப்போது ஒன்பதே கால், அதற்குள் பட்டியலை முடித்துவிட வேண்டும், முடிப்பதற்கு என்ன இருக்கிறது, மொத்தம் நாலு வரி, டெலஸ்கோப், அதைச் சூரியனோடு கூடவே திருப்புகிற ஸ்டாண்டு, கேமரா, ஃபில்டர், இதில் மூன்று வரி வியாழக்கிழமையே எழுதியாகிவிட்டது, ஃபில்டர் என்ற சொல்லுக்கு எதிரில் மட்டும் மூன்று நாளாக ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன காபி, ஜன்னல் வழியாக நல்ல வெயில், ஞாயிற்றுக்கிழமை வெயில், சூரியனைப் படமெடுக்க இதுதான் நேரம், தரை சூடாகிக் காற்று நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னால், அதையெல்லாம் நான் நன்றாகச் சொல்வேன், கோயம்புத்தூரில் டெலஸ்கோப் வைத்திருக்கிற எங்கள் இருபது முப்பது பேருக்குள் சூரியன் என்றால் சிகாமணியைக் கேளுங்கள் என்றுதான் பேச்சு, அவர் கை வைத்தால் கவலையே இல்லை, அவ்வளவு ஜாக்கிரதை, ஒரு திருகாணியைக்கூட இரண்டு தடவை பார்ப்பார் என்பார்கள், அப்போதெல்லாம் நான் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பேன், அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்து என்னிடம் கேட்டிருக்கிறார். பழைய மாணவிகள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சூரியனைப் பார்க்கிற கருவி வாங்கித் தருகிறார்களாம், எதை வாங்குவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டுமாம். "கண்ணையே வைக்க வேண்டாத மாதிரி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க சார். கேமரா, கம்ப்யூட்டர் திரை, அவ்வளவுதான். பிள்ளைங்க யாரும் என்னைய மாதிரி ஆயிறக் கூடாது." என்னைய மாதிரி. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் வருத்தம் என்று ஒன்றும் இல்லை, தன் அசட்டுத்தனத்தைத் தானே சொல்லிப் பழகிவிட்டவர்களின் சிரிப்பு, நானும் கூடவே சிரித்தேன், இந்த வாயால்.

முன்பக்கம் மாட்டுகிற ஃபிலிம்தான் சுலபம். வெள்ளிக் காகிதம் மாதிரி இருக்கும், டெலஸ்கோப்பின் வாயையே மூடிவிடும், வெளிச்சம் குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே லட்சத்தில் ஒரு பங்காகிவிடும், உள்ளே சூடு என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதிலும் இரண்டு வகை, ஒன்று கண்ணால் பார்ப்பதற்கு, இன்னொன்று கேமராவுக்கு மட்டும், பின்னது பதினைந்து பதினாறு மடங்கு அதிகமாக வெளிச்சத்தை விடும், அதனால் கேமரா வெகு வேகமாகப் படமெடுக்கும், காற்று நடுங்குவதற்குள் ஆயிரம் படம், அதில் நல்லதாக நூறைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சூரியப் புள்ளியின் ஓரத்தில் இருக்கிற மயிரிழைகள்கூடத் தெரியும். டீச்சர் கேட்பது கேமராவுக்கு. அப்படியென்றால் இரண்டாவதுதான் சரி. யாரும் கண் வைக்கப் போவதில்லை. யாரும் கண் வைக்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுக்க நான் யார், என்றைக்காவது ஒரு நாள் கேமரா ரிப்பேராகும், யாரோ ஒருத்தர் அதைக் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸை மாட்டுவார், ஒரு நிமிஷம்தானே என்பார். ஒரு நிமிஷம்தானே. நானும் அதைத்தான் சொன்னேன், அதே சொல்தான், மாற்றி நினைத்துப் பார்த்தாலும் வேறு சொல் வரமாட்டேன் என்கிறது. நல்ல ஃபிலிம் அன்றைக்கும் என் பையில் இருந்தது. அதுதான் யாருக்கும் தெரியாது. நாலு நாளில் கிரகணம் வருகிறது, அதற்குள் தூசி பட்டுக் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன், ஒரு ஒத்திகைக்கு எதற்கு நல்ல ஃபிலிம், டெலஸ்கோப்போடு இலவசமாக வந்த அந்தக் கரும்பச்சைக் கண்ணாடித் துண்டு போதும், ஐபீஸின் அடியில் திருகுகிறது, ஐந்து பைசா அகலம்தான் இருக்கும், மொத்த வெளிச்சமும் குவிந்து வந்து அதன்மேல்தான் விழும், அது சூட்டில் வெடிக்கும், தூக்கிப் போடுங்கள் என்று எத்தனை இடத்தில் படித்திருக்கிறேன். படித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை, மயிரளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிறவன், எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், இது ஒன்றுதானே சார், விட்டுடுங்க சார் என்று, விட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் மாதம், அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் நானும் டீச்சரும் மட்டும், வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். டீச்சர் அப்போது ஸ்கூட்டரில்தான் வருவார், பச்சை நிற ஸ்கூட்டர், ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிட்டு, புல் இருக்கிற இடமாப் பார்த்து வைங்க சார், சிமெண்டுத் தரையில காத்து ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க என்றார், நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்தார், நல்ல ஆசிரியர், நல்ல மாணவியும்கூட. நான் முதலில் பார்த்தேன். பச்சையாக வட்டம், நடுவில் ஒரு சின்ன மச்சம், அழகாகத்தான் இருந்தது. பிறகு அவர் குனிந்தார். நல்லாத் தெரியுது சார், ஆனா நகர்ந்து போயிட்டே இருக்குது என்றார், பூமி சுற்றுகிறதல்லவா, படம் நகரும், அவர் கண்ணை எடுத்தார், நான் குழாயை ஒரு தட்டு தட்டி மறுபடி நடுவில் கொண்டுவந்தேன், இப்பப் பாருங்க, ஒரு நிமிஷம்தானே, அப்புறம் மூடிரலாம் என்றேன், அவர் மறுபடி குனிந்தார். அப்போது அந்தச் சத்தம். டிக். அவ்வளவுதான், வெந்நீர் ஊற்றின டம்ளர் விரிகிற மாதிரி, பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற சத்தம். டீச்சர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார், கத்தவில்லை, வலிக்கவுமில்லையாம், விழித்திரைக்கு வலி தெரியாது என்று பின்னால்தான் தெரிந்தது. பளிச்சுன்னு ஆச்சுங்க சார் என்றார். அப்புறம் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ, இல்லை, இப்படித்தான் ஆறு வருஷமாக அவர்மேலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் கேட்டதுதான் காரணம் என்பது போல. "நான் தப்பா அந்தச் சின்னக் குழாயில கண்ணை வெச்சுட்டனாங்க சார்?" என்றுதான் கேட்டார்.

சின்னக் குழாய் என்றால் குறி பார்க்கிற குழாய், பெரிய குழாயின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஐபீஸிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதற்கு ஃபில்டர் கிடையாது, அதனால் இரண்டு பக்கமும் மூடி போட்டுத்தான் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும், போட்டிருந்தேன். அதில் அவர் கண் வைத்திருந்தாலும் இருட்டுதான் தெரிந்திருக்கும். இல்லைங்க டீச்சர், மூடி போட்டிருக்குது பாருங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் சொன்னது என்ன, பரவாயில்லைங்க, பயப்படாதீங்க, கண்ணை மூடிட்டு அப்படி நிழல்ல உட்காருங்க. வேப்ப மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. அவர் போய் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். நான் ஐபீஸைக் கழற்றினேன், கண்ணாடி குறுக்காக விரிந்திருந்தது, விரல் சுட்டது, அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மூடி. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு ஒரு நொண்டியடித்து அந்தப் பக்கம் போய்விடுகிறது, சாமான்களை எடுத்து வைக்கும்போது மூடியைக் கழற்றுவது வழக்கம்தானே என்கிறது, வழக்கமில்லை, எடுத்து வைக்கும்போது மூடியைப் போடுவார்கள், கழற்ற மாட்டார்கள், கை தானாகச் செய்துவிட்டது என்கிறது, கை தானாகச் செய்யவில்லை, முதலில் பின்பக்கத்து மூடி, பிறகு ஸ்டாண்டைச் சுற்றி நடந்து போய் முன்பக்கத்து மூடி, நடுவில் நாலு அடி வைக்க வேண்டியிருந்தது, அந்த நாலு அடியிலும் நான் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கண்ணைத் திறந்துவிடுவாரோ என்று. திறக்கவில்லை. திறந்தபோது நான் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு டெலஸ்கோப்பைப் பார்த்தார், ஐயோ, அது திறந்துதான் இருக்குது, நான்தான் மாத்தி வெச்சிருக்கறேன், என்ன பொம்பளை நான் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யாக ஒரு வார்த்தைகூட அவரிடம் நான் சொன்னதில்லை, அதை நினைத்துக் கொஞ்ச நாள் ஆறுதல்கூடப் பட்டிருக்கிறேன், தூ.

என் மனைவி கலாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, காபியை இன்னும் குடிக்கலையா, சூடு பண்ணட்டுமா என்கிறாள், வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். பத்தேகால். இப்போது விற்கிற நல்ல கருவிகளில் இந்தப் பயமே இல்லை, சூரியனுக்கென்றே செய்த டெலஸ்கோப் இருக்கிறது, ஃபில்டர் உள்ளேயே அடைத்து வரும், யாராலும் கழற்ற முடியாது, சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு இழையை மட்டும் விடும், அதில் பார்த்தால் சூரியனின் ஓரத்தில் தீக்கொழுந்துகள் எழுந்து வளைந்து விழுவது தெரியும், ஒவ்வொன்றும் நம் பூமி மாதிரி பத்தை விழுங்கும். கறுப்பு வெள்ளை கேமரா போதும், நிறம் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். குறி பார்க்கச் சின்னக் குழாயே வேண்டாம், ஊசித் துளை வழியாக வெளிச்சப் புள்ளி விழுகிற ஒரு தகடு வருகிறது, அதில் கண் வைக்க இடமே கிடையாது. டெலஸ்கோப் வரியையும் சேர்த்து மாற்றி எழுதினேன். எழுதியாகிவிட்டது. அவ்வளவுதானே, எதற்கு மூன்று நாள். டீச்சர் அதைத் திரையில் பார்ப்பார், இடது கண்ணால். வலது கண்ணில் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல், கட்டைவிரல் ரேகை பட்ட கண்ணாடி மாதிரி என்று சொன்னார், டாக்டர் ஆறு மாதம் பார்க்கலாம் என்றாராம், ஆறு மாதம் கழித்து இனி இப்படித்தான் என்றாராம், எழுத்துக்களில் நடு எழுத்து மறைந்துவிடுகிறதாம், எதிரில் நிற்கிறவர்களுக்கு மூக்கு இருக்காதாம், அதற்கும் சிரித்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டார். விடைத்தாள் திருத்தப் போவதில்லை. ஆனால் எங்கே சூரியனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் போவார், பஸ் மாறிப் போவார், போய் முதலில் இதைத்தான் சொல்வார், ஃபிசிக்ஸ் டீச்சர், இருபது வருஷ சர்வீஸ், எனக்கே எந்தக் குழாய் என்று தெரியாமல் போச்சு, நீங்களும் என்னைய மாதிரி அசட்டையா இருந்துறாதீங்க. இரண்டு கூட்டத்தில் நானும் இருந்தேன். மேடையில். பக்கத்து நாற்காலியில். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு கூட்டத்தில் தலைமை தாங்கியவர், நல்லவேளை பக்கத்தில் சிகாமணி சார் இருந்தார் என்றார், கைதட்டினார்கள். விரிந்த கண்ணாடியைக் கம்பெனிக் கழிவுத் தொட்டியில் போட்டேன், இரும்புச் சுருளுக்கு அடியில், அதற்கு மட்டும் நான் சிவப்புச் சீட்டு ஒட்டவில்லை.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போன் அடித்தது. முடிச்சுட்டீங்களா சார் என்றார், முடித்துவிட்டேன் என்று படித்துக் காட்டினேன், ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டார், எழுதும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. நாளைக்குப் பத்து மணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து இருபது ஆசிரியர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் இதையே சொல்லப் போகிறேன், வழக்கம் போல என் கதையில் ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் மனசில் பதியும் என்றார். என் கதை. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு இருபது பேர், அந்த இருபது பேர் வழியாக எத்தனையோ பேர், எல்லோர் வாயிலும் அசட்டை டீச்சர், இல்லை, அதற்காகவும் இல்லை, அவர் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்ட விதம், ஊசித் துளைத் தகடு என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதிய அந்தக் குரல், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "டீச்சர், அன்னைக்கு நீங்க சின்னக் குழாயில கண்ணு வைக்கலைங்க," என்றேன். "பெரிய குழாயிலதான் வெச்சீங்க. நான் போட்டிருந்த ஃபில்டர்தான் வெடிச்சுது. வெடிக்கும்னு எனக்கு முன்னாலயே தெரியும்." கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, "மூடி திறந்திருந்துச்சே சார். நான் பார்த்தேனே," என்றார், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாக, நான்தான் எங்கோ தப்பாகச் சொல்கிறேன் என்பது போல. "நான்தாங்க கழட்டினேன். நீங்க கண்ணை மூடி உட்கார்ந்திருந்தப்போ."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும், குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன், ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன், அவர் அழுவது போலவும், கத்துவது போலவும், சில நாள் மன்னித்துவிடுவது போலவும்கூட. டீச்சர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார், முதலில் எனக்குப் புரியவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தினமும் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறாராம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறாராம். லேபில் ஆசிட் பாட்டிலை எடுத்தால் அதில் ஒட்டியிருக்கிற பெயரைப் பக்கத்தில் இருக்கிறவர்களைப் படிக்கச் சொல்கிறாராம், இடது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தாலும். மகளுக்குப் பிரசவமானபோது குழந்தையைக் குளிப்பாட்ட மகள் இவரிடம் கொடுக்கவில்லை, வேற ஆளை வெச்சுக்கறேம்மா, உனக்கு எதுக்குச் சிரமம் என்று சொன்னாள், அது ஏன் என்று இவருக்குத் தெரிந்திருந்தது, அவள் செய்தது சரிதான் என்றும் இவரே நினைத்தாராம். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார், குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. "கண்ணு போனது கூடப் பரவாயில்லைங்க சார். என்னைய நானே நம்பாம ஆறு வருஷம் இருந்துட்டேன்," என்றார். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க. நான் பேசறதா இருந்த நேரத்துல நீங்க பேசுங்க. மூடி வரைக்கும் சொல்லணும். நான் எதிர்ல உட்கார்ந்து கேட்பேன்," என்றார். வர்றேங்க என்றேன். வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் நான் மன்னிச்சுருங்க என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது, மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாமா என்று விரல் போனது, அது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கலாமணி வாசலில் நின்றிருந்தாள், கையில் கரண்டி, எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை, எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு மேஜையின் விளிம்பைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை. அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள், கரண்டியை மேஜைமேல் வைத்தாள், அதிலிருந்து ஒரு சொட்டு குழம்பு வடிந்தது, துடைக்கவில்லை, எப்போதும் உடனே துடைத்துவிடுகிறவள். "எங்கிட்டயும் அவங்க தப்புன்னுதானே சொன்னீங்க," என்றாள். ஆமாம் என்றேன். "நம்ம வீட்டுக்கு வரும்போதெல்லாம் படி இறங்கறப்போ அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இனியாவது பார்த்து நடந்துக்கோங்க டீச்சர்னு சொல்லி அனுப்புவேனுங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். அவங்களும் சரிம்மா, சரிம்மான்னு தலையாட்டுவாங்க." எழுந்து என் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை, நடுவில் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை, அந்தப் பக்கம் டீச்சர் பேசுகிறாரா, இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்களா, நான் எழுந்து கதவருகே போகப் பார்த்து, நாலடி வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். நாளைக்கு லீவு சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்லியாக வேண்டும், திங்கட்கிழமை டெஸ்பாட்ச் இருக்கிற நாள், மேனேஜர் கோபப்படுவார். லேப்டாப்பில் கம்பெனியின் லீவுப் படிவத்தைத் திறந்தேன், பெயர், பிரிவு, தேதி, காரணம். காரணத்துக்கு எதிரில் நிற்கிறேன். உடம்பு சரியில்லை என்று முதலில் அடித்தேன், கைப்பழக்கம், அழித்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சு என்று அடித்தேன், அதைப் படித்தால் பாராட்டுவார்கள், அதையும் அழித்தேன். எல்லோரும் சொந்த வேலை என்றுதான் எழுதுவார்கள். சொந்த வேலை என்று எழுதி அனுப்பினேன்.